தொண்டுக்கு இடம் எங்கே? – சென்னைப் பேட்டைகள் தந்த விடை

கிராமத்தில் தொண்டுக்கு இடம் தேட வேண்டியதில்லை. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பாடநூல் வாங்க வழியில்லை, எந்த முதியவரைக் கவனிக்க ஆளில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆலயத் திருவிழாவுக்கு நீர் சுமப்பது, ஏரிக்கரை உடைந்தால் மண் கொட்டுவது, இழவு வீட்டு வேலைகளை ஏற்று நடத்துவது ஆகியவை யார் யார் பொறுப்பு என்பதும் வழக்கத்திலேயே அமைந்திருந்தது. வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து கல்விக்காகவும் தொழிலுக்காகவும் சென்னைக்கு வந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இந்த ஏற்பாட்டைப் பின்னே விட்டு வந்தவை. நகரத்தில் ஒரே மாடிக் குடியிருப்பில் பத்தாண்டுகள் வாழ்ந்தும் எதிர் வீட்டாரின் பெயர் தெரியாமற் போவதுண்டு. தொண்டு செய்யும் மனம் குறைந்துவிடவில்லை. எங்கே செல்வது, யாரைக் கேட்பது, எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

இக்கேள்வி புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல மாவட்டங்களிலிருந்து படிப்புக்கும் அரசு உத்தியோகத்துக்கும் வந்து திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் குடியேறியவர்கள் இதே நிலையில்தான் இருந்தனர். சொந்த ஊரின் உறவுகள் தொலைவில் இருந்தன. புதிய தெருவில் அனைவரும் அயலார். அவர்களுள் சிலர் தம் பேட்டையிலேயே தொண்டுக்கான இடத்தைக் கண்டறிந்தனர். அவர்கள் தொடங்கியவற்றுள் பல நூறாண்டுகளைக் கடந்தும் நிலைத்து நிற்கின்றன. அவை எவ்வாறு தோன்றின என்பதை அறிவது, இன்று இடம் தேடுவோர்க்கு நேரடியாகப் பயன்படும் செய்தியாகும்.

பெரிய தெருவில் ஒரு பண்டகசாலை

1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி, ஆசிரியர்களும் அரசு அலுவலக எழுத்தர்களும் மாணவர்களும் நிறைந்த பகுதி. மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த அக்குடும்பங்களுக்கு ஒரு கவலை பொதுவாக இருந்தது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் நல்ல தரத்தில், சரியான எடையில், தாங்கக்கூடிய விலையில் கிடைக்கவேண்டும். பெருங்கொடையாளர் எவரும் வந்து தீர்க்கவேண்டிய குறையன்று இது. ஆயினும் அன்றாடம் எல்லா வீட்டையும் தொட்ட குறை.

அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் பதினால்வர் ஒன்றுகூடித் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அவர்களுள் முன்னின்றவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். பிற்காலத்தில் உலக அரங்குகளில் ஆங்கிலச் சொற்பொழிவால் புகழ்பெற்று, மகாகனம் என்னும் சிறப்புப் பெயருடன் அழைக்கப்பட்டவர் அவரே. அப்புகழெல்லாம் வருமுன், தம் பள்ளி இருந்த பேட்டையின் மளிகைச் செலவைப் பற்றிச் சிந்தித்தவர் அவர்.

அவ்வாண்டு இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டம் உழவர்க்கும் எளியோர்க்கும் கடன் வழங்கும் சங்கங்களையே முதன்மையாகக் கருதியிருந்தது. திருவல்லிக்கேணியார் அதே கொள்கையை நகரத்து நுகர்வோர்க்கு ஏற்றவாறு பயன்படுத்தினர். இந்தியாவின் தொடக்ககால நுகர்வோர் கூட்டுறவு அமைப்புகளுள் இது முதன்மையானது. டி.யு.சி.எஸ். என்னும் எழுத்துகளால் சென்னைவாசிகள் நன்கறிந்த இச்சங்கம், பின்னர் நகரின் பல பகுதிகளிலும் கிளைகளை நிறுவியது.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அப்பதினால்வரும் பெருஞ்செல்வர்கள் அல்லர். கணக்கெழுதத் தெரிந்தவர்க்குக் கணக்கும், பேசத் தெரிந்தவர்க்கு உறுப்பினர் சேர்ப்பதும் தொண்டாயின. தமக்குள்ள குறையே அண்டை வீட்டார்க்கும் உள்ளது என்று உணர்ந்த இடத்தில் அவர்களின் பொதுப்பணி பிறந்தது.

மயிலையில் ஏழு மாணவர்கள்

அடுத்த ஆண்டு, 1905 பிப்ரவரியில், மயிலாப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு வீட்டில் ஏழு ஏழை மாணவர்களுடன் இராமகிருஷ்ண மாணவர் இல்லம் தொடங்கப்பெற்றது. 1897 முதல் சென்னையில் தங்கிச் சமயப் பணி ஆற்றிவந்த சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் ஊக்கம் அதற்குப் பின்னே இருந்தது. அதை நடத்தும் பொறுப்பைச் சுமந்தவர்கள் சி. இராமசாமி அய்யங்காரும் சி. இராமானுஜாச்சாரியாரும் ஆவர். இராமு, இராமானுஜம் என்று இணைத்தே அழைக்கப்பட்டவர்கள் அவ்விருவர்.

வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த ஏழைச் சிறுவனுக்கு அக்காலத்தில் நிலையான ஆதரவு இல்லை. ஏதேனும் ஒரு வீட்டில் ஒரு வேளை, மற்றொரு வீட்டில் மறுவேளை என வாரச் சாப்பாட்டில் படித்தோர் பலர். இரக்கமுடைய இல்லங்கள் இருந்தன. அந்த இரக்கத்தை ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவந்து, நாள்தோறும் தவறாமல் நடைபெறச் செய்வதற்குத்தான் ஆளில்லை. மாணவர் இல்லம் அவ்வேலையை மேற்கொண்டது.

இராமானுஜாச்சாரியார் அரசுத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றியவர். இல்லத்துக்கு நிதி திரட்ட அவர் கண்ட வழி, செயலக நண்பர்களைச் சேர்த்து நாடகம் நடத்துவது. செக்ரடேரியட் பார்ட்டி என்றே அக்குழு அழைக்கப்பட்டது. பகலில் கோப்புகளைப் பார்த்தவர்கள் அலுவல் முடிந்தபின் ஒத்திகை பார்த்தனர். மேடையில் ஈட்டிய பணம் மாணவரின் சோற்றுக்கும் புத்தகத்துக்கும் சென்றது. ஓய்வு பெற்ற பிறகு தொண்டு செய்யலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அலுவலகமே அவர்களுக்குத் தொண்டர்களைத் தந்த இடமாயிற்று. ஏழு பேருடன் தொடங்கிய இல்லத்துக்கு 1921ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் சொந்தக் கட்டடம் எழுந்தது.

கடற்கரையோரத்து ஐஸ் அவுஸ்

திருவல்லிக்கேணிக் கடற்கரையில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட கட்டடம் ஐஸ் அவுஸ் ஆகும். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள்கள் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. இவ்விரண்டு செய்திகளையும் அறிந்தோர் பலர். இடைப்பட்ட காலத்தில் அக்கட்டடம் இளம் விதவைப் பெண்களின் கல்விக்கூடமாக இருந்ததை அறிந்தோர் சிலரே.

அதற்குக் காரணமானவர் ஆர்.எஸ். சுப்பலட்சுமி அம்மையார். 1886இல் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே மணம் செய்விக்கப்பட்டு, மிக விரைவில் கணவரை இழந்தார். அக்காலக் கைம்பெண்களுக்கு வாய்த்த இருட்டறை வாழ்வு அவருக்கு நேரவில்லை. தந்தை அவரைப் படிக்கவைத்தார். 1911ஆம் ஆண்டில் அவர் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தமக்குக் கிடைத்தது மற்றப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை அவர் மறக்கவில்லை.

1912இல் எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் நான்கு இளம் கைம்பெண்களுடன் அவருடைய இல்லம் தொடங்கியது. அவருடைய சித்தி வாலாம்பாள் அவ்வில்லத்தைக் கவனிப்பதில் துணை நின்றார். அதே ஆண்டில் சாரதா மகளிர் சங்கம் அமைந்தது. வீட்டைவிட்டுப் பெரும்பாலும் வெளிவராத நடுத்தரக் குடும்பப் பெண்கள் ஒன்றுகூடிப் பேசவும் பொதுப்பணியில் ஈடுபடவும் அச்சங்கம் வழி செய்தது. பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் போதவில்லை என்பது அரசின் குறை. படிக்கவும் வாழவும் வழியின்றிப் பெண்கள் இருந்தனர் என்பது சமூகத்தின் குறை. இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்ததே அம்மையாரின் அறிவுத்திறம். 1917இல் இல்லம் ஐஸ் அவுஸுக்கு மாறியது. அங்கே படித்த பெண்கள் ஆசிரியைகளாகி, மாகாணத்தின் பல ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்றனர். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும், 1927இல் மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்தியாலயமும் தோன்றின. பிற்காலத்தில் மயிலாப்பூர் மகளிர் சங்கத்தோடு இணைந்து அவர் ஆற்றிய பணியின் பயனாக 1956இல் வித்யா மந்திர் பள்ளி உருவாயிற்று. சகோதரி சுப்பலட்சுமி என்று மக்கள் அழைத்த அவர் 1969 டிசம்பரில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத பகுதியும் உண்டு. ஐஸ் அவுஸ் இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற அன்று அதுவே வழி என்று கருதப்பட்டது. அதே கடற்கரையில், கூப்பிடு தூரத்தில், மீனவர் குப்பங்கள் இருந்தன. அங்கும் இளம் கைம்பெண்கள் இருந்தனர். அவர்களுக்கு அவ்வில்லத்தின் கதவு உரியதாக இருக்கவில்லை. பெரும்பணி ஆற்றியவர்களின் தொண்டுக்கும் எல்லைக்கோடு இருந்தது. அக்கோட்டுக்கு வெளியே நின்றவர்களைக் கணக்கில் கொள்ளாமல் எந்தப் பேட்டையின் தொண்டு வரலாறும் முழுமை பெறாது.

கதவைத் தட்டியவர்கள்

சுப்பலட்சுமி அம்மையார் பிறந்த அதே 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், சென்னை சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அம்முறையிலிருந்து விடுபட விரும்பிய சிறுமியர் அவரை நாடி வந்தபோது, அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. ஆகவே அவர் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் தந்தார். அவ்வாறு 1930ஆம் ஆண்டை ஒட்டி அடையாற்றில் உருவானதே அவ்வை இல்லம். ஐஸ் அவுஸ் இல்லத்தின் எல்லைக்கு வெளியே நின்ற பெண்கள் பலருக்கு அவ்வை இல்லத்தில் இடம் கிடைத்தது.

இங்கு இடம் தேடியவர் தொண்டரல்லர், உதவி வேண்டியவர்களே. தொண்டர் செய்ததெல்லாம் கதவைத் திறந்ததும், பின்னர் மூடாமல் இருந்ததுமே ஆகும். ஒரு இரவு தங்கவைப்பது இரக்கம். அப்பெண்களை ஆண்டுக்கணக்கில் படிக்கவைத்துத் தம் காலில் நிற்கச் செய்தது பொறுப்பு. சட்டமன்றத்தில் பேசிய சொல்லுக்கு அவ்வில்லம் செயலால் தந்த சான்றாக அமைந்தது.

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரம் ஒரு குறிக்கோளாக மாறப் பல ஆண்டுகள் ஆயின. 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம் அவருடைய முயற்சியால் புற்றுநோய் நிவாரண நிதியைத் திரட்டியது. தொண்டர்கள் மக்களிடம் சென்று பணம் சேர்த்தனர். 1952இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1954 ஜூன் மாதத்தில் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனைக் கட்டி வளர்த்தனர். தொடக்கத்தில் ஊதியமின்றிப் பணியாற்றிய சாந்தா அம்மையார் 2021இல் மறையும்வரை அம்மருத்துவமனை வளாகத்தையே தம் வாழ்விடமாகக் கொண்டிருந்தார்.

தொண்டுக்கும் பயிற்சி வேண்டும்

விருப்பமுள்ளவர் ஒருபுறமும் தேவையுள்ளோர் மறுபுறமும் இருக்க, இருவரையும் இணைக்கும் அமைப்பு வேண்டும் என்பதைச் சென்னை மெல்ல உணர்ந்தது. 1923இல் தோன்றிய சேவைக் கழகம், மருத்துவமனைகளையும் ஆதரவற்றோர் இல்லங்களையும் நாடிச் சென்று பணிபுரியும் பெண்களை ஒன்றுதிரட்டியது. அதில் பெரும்பங்கு ஆற்றியவர் உதகையில் பிறந்த பார்சிப் பெண்மணி மேரி கிளப்வாலா ஜாதவ். இளம் வயதில் கணவரை இழந்த அவருக்குச் சமூகப் பணி வாழ்க்கைத் துணையாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை வழியாகச் சென்ற படைவீரர்களுக்கு உணவும் உபசரிப்பும் அளிக்க அவர் அமைத்த குழு, பல்வேறு சமயத்தையும் சமூகத்தையும் சேர்ந்த பெண்களை ஒன்றாகப் பணியாற்றச் செய்தது. 1956இல் சென்னையின் முதல் பெண் ஷெரீப் ஆனவரும் அவரே.

அவர் உணர்ந்த உண்மை ஒன்றுண்டு. நல்லெண்ணம் மட்டும் கொண்டு மனநலம் குன்றியவரையோ, பெற்றோரை இழந்த குழந்தையையோ அணுகினால், உதவி செய்வதாக எண்ணித் துன்பம் தரவும் கூடும். தொண்டுக்கும் கல்வி வேண்டும். அவ்வெண்ணத்தின் விளைவாக 1952இல் சென்னை சமூகப் பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. அன்றுதொட்டு அது நூற்றுக்கணக்கான பயிற்சி பெற்ற பணியாளர்களை உருவாக்கி வருகிறது.

மருத்துவத் துறையில் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தன்னார்வச் சுகாதார சேவை நிறுவனத்தைத் தொடங்கினார். வருவாய்க்கேற்ற சிறு ஆண்டுத்தொகையைக் குடும்பங்கள் செலுத்த, வறியோர்க்கு மருத்துவம் இலவசமாக அமைந்தது. நகரின் அனுபவம் மிக்க மருத்துவர்கள் அங்குக் கௌரவப் பணியாகத் தம் நேரத்தை அளித்தனர். பணத்தைவிட அவர்களின் நேரமே அங்குப் பெருங்கொடையாக இருந்தது.

பேச முடியாத உயிர்களும் மறக்கப்படவில்லை. 1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரம், தியாகராய நகரில் இருந்த தம் இல்லத்தில் தெரு விலங்குகளுக்கு அடைக்கலம் தந்து தொடங்கிய பணியே, 1964இல் முறையாகப் பதிவு பெற்ற இந்திய நீலச் சிலுவைச் சங்கம் ஆகும். தெருநாய்களைக் கொன்று குறைப்பதே நகராட்சிகளின் வழக்கமாக இருந்த காலத்தில், கருத்தடை செய்து அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம் என்று அச்சங்கம் எடுத்துரைத்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அக்கருத்தே நாடு முழுவதற்குமான விதிமுறையாயிற்று.

நான்கு தானங்களும் நகரமும்

ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்னும் நான்கையும் சமண இல்லறத்தார் சிறுவயதிலிருந்தே கேட்டறிந்தவர்கள். மேற்கண்ட நிறுவனங்களைத் தொடங்கியோர் அப்பெயர்களைக் கருதித் தொடங்கவில்லை. எனினும் பண்டகசாலையிலும் மாணவர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் அடைக்கலம் தந்த வீடுகளிலும் நகரத்தின் தேவைகள் அந்நான்கு வகையிலேயே வெளிப்பட்டன. மனிதத் துன்பத்தின் வகைகள் மாறவில்லை. அவை வந்து நிற்கும் வாசல்களே மாறியிருக்கின்றன.

இத்தானங்களுள் நகரக் குடும்பங்களுக்கு எளிதாகக் கைவந்திருப்பது ஆகார தானம். பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கு உணவளிப்பது இன்று பெருவழக்கு. அது போற்றத்தக்கதே. ஆனால் விழாக்காலங்களில் ஒரே நாளில் பலர் உணவு கொண்டுவரும் இல்லத்தில், ஆண்டு முழுவதும் மாலையில் அமர்ந்து கணக்குச் சொல்லித்தர ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். உணவு ஒரு நாளில் கொடுத்து முடியக்கூடியது. கல்வியும் அபயமும் நாள்தோறும் கொடுக்கவேண்டியவை. பேட்டைகளின் வரலாறு வற்புறுத்துவது இந்த வேறுபாட்டையே.

வெள்ளமும் அதன் பின்னரும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த பெருவெள்ளத்தின்போது, இடம் தேட வேண்டிய அவசியம் எவருக்கும் எழவில்லை. மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்தனர். கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் திருமண மண்டபங்களும் சமையற்கூடங்களாயின. இளைஞர்கள் கழுத்தளவு நீரில் பால் பொட்டலங்களைச் சுமந்தனர். பெயர் தெரியாத அண்டை வீட்டார் அன்றுதான் முதன்முறையாகப் பேசிக்கொண்டனர்.

நீர் வடிந்தது. தொண்டர்கள் வீடு திரும்பினர். ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியில் பெரும்பாக்கம் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அப்பிள்ளைகளின் பள்ளியும், பெற்றோரின் வேலையிடமும் தொலைவில் போயின. வெள்ளத்தின்போது அவர்களுக்குச் சோறு கொண்டுசென்ற கைகள் பல. குடிபெயர்ந்தபின் அவர்கள் பிள்ளைகளின் படிப்பைக் கேட்கச் சென்ற கால்கள் சில. பேரிடர் தொண்டுக்கு இடம் காட்டும். அந்த இடத்தில் தங்கியிருக்க அது கற்பிப்பதில்லை.

தங்கியிருந்து செய்யும் தொண்டுக்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. பெருந்தொற்றினால் பள்ளிகள் நீண்டகாலம் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தொடக்க விழா நடைபெற்றது விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில். திண்டிவனத்துச் சமணக் குடும்பங்களுக்கு அண்மையான பகுதி அது. மாலை வேளையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், தம் தெருப் பிள்ளைகள் இருபதின்மர் அளவில் சேர்த்துப் பாடம் சொல்லித்தரத் தன்னார்வலர்கள் முன்வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுத் திண்ணையும், கோயில் மண்டபமும், மரத்தடியும் வகுப்பறைகளாயின. தொண்டுக்குத் தனிக் கட்டடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே பொய்யாயிற்று.

இன்று தேடுவோர்க்கு

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கினால், இடம் தேடியவர்கள் நடந்த வழி புலப்படுகிறது. முதலில் அவர்கள் தொலைவில் நோக்கவில்லை. தம் பள்ளி, தம் அலுவலகம், தம் தெரு, தம் வீட்டு வாசல் ஆகியவற்றிலிருந்தே தொடங்கினர். அடுத்து, தமக்குத் தெரிந்ததையே கொடுத்தனர். ஆசிரியர் கல்வியையும், எழுத்தர் கணக்கையும், மருத்துவர் மருத்துவத்தையும், நடிக்கத் தெரிந்தவர் நாடகத்தையும் அளித்தனர். தனியே நில்லாமல் நால்வரைச் சேர்த்துக்கொண்டனர். வரவு செலவை எழுதிவைத்தனர். தமக்குப் பின்னும் பணி நடக்கும்படி விட்டுச் சென்றனர்.

இன்றைய சென்னையிலும் அத்தகைய வாசல்கள் திறந்தே உள்ளன. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மாநகராட்சிப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் சென்று, எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்தில் துணை வேண்டும் என்று கேட்கலாம். கிளை நூலகங்களின் வாசகர் வட்டங்களில் இணைந்து சிறுவர்க்குக் கதை வாசிக்கலாம். பார்வையற்ற மாணவர்க்குப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரலாம். விதிமுறைக்கு உட்பட்டுத் தேர்வில் அவர்கள் சொல்ல எழுதித் தரலாம். அரசுப் பொது மருத்துவமனைக்கு வடமாவட்டங்களிலிருந்து வரும் எளிய நோயாளிகள், எந்தக் கட்டடத்தில் எந்தச் சோதனை என்பது அறியாமல் அலைகின்றனர். படிவம் நிரப்பித் தருவதும், உடன் நடந்து வழிகாட்டுவதும் அவர்களுக்கு மருந்துக்கு ஒப்பான உதவியாகும். அவர்களுள் ஒருவர் வந்தவாசிப் பேருந்தில் வந்திறங்கியவராகவும் இருக்கக்கூடும்.

செல்லுமுன் கேட்டறியவேண்டியது ஒன்றே. என்ன தர விரும்புகிறோம் என்பதற்கு முன், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று வினவவேண்டும். பொருள் மிகுந்த இடத்தில் பொருளையே குவிப்பதும், ஆள் வேண்டிய இடத்துக்குக் காசோலை அனுப்பி அமைவதும் இதைக் கேளாமையின் விளைவுகளே. குழந்தைகளோடு பழகும் பணியாயின், அந்நிறுவனத்தின் விதிகளுக்கும் சரிபார்ப்புக்கும் மனம் கோணாமல் உடன்படவேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் என்று சொன்னால் அந்த ஒரு மணி நேரம் தவறக்கூடாது. எதிர்பார்த்துக் காத்திருந்த பிள்ளைக்கு, வருவதாகச் சொல்லி வராதவர் தரும் ஏமாற்றம் சிறிதன்று.

ஐஸ் அவுஸ் வரலாறு விட்டுச் சென்ற எச்சரிக்கையும் இங்கு நினைவுகூரத்தக்கது. தம்மவர்க்குள் செய்துகொள்ளும் உதவி சிறிய சமூகங்களுக்கு இன்றியமையாதது. அதனாலேயே அவை நகரத்தில் சிதையாமல் நிற்கின்றன. அதனோடு நின்றுவிட்டால், கூப்பிடு தூரத்தில் உள்ள குப்பம் கண்ணில் படாமலே போய்விடும். ஒவ்வொரு அறக்கட்டளையும் தன் உறுப்பினர்க்காக நடத்தும் பணிகளுடன், தான் அமைந்துள்ள தெருவில் உறுப்பினரல்லாத ஒருவருக்காகவும் ஒரு பணியை ஏற்குமாயின், அக்குறை நீங்கும்.

திருவல்லிக்கேணியில் பதினால்வர், மயிலையில் ஏழு மாணவர், எழும்பூரில் நான்கு பெண்கள், அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகள் என இவ்வரலாற்றின் தொடக்க எண்கள் யாவும் சிறியவை. ஒரு மாடிக் குடியிருப்பில் வாழும் குடும்பங்களே அவற்றைவிட மிகுதி. அவற்றுள் ஒருவர் அருகிலுள்ள பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ வரும் வாரத்தில் சென்று, என்ன வேண்டும் என்று கேட்பாராயின் அதுவே போதிய தொடக்கமாகும்.